துக்கம் விசாரிக்க வந்த ஊர்

மகன் பூபதியின் கருமாதி முடிந்த மறுநாள் காலை, பாவாயி வாசலில் சாணி தெளித்துவிட்டு உள்ளே வந்தபோது, மருமகள் கோகிலா சுவரோரம் உட்கார்ந்து இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஓடில்லாத நத்தை ஒன்று, மூக்குச்சளி மாதிரி வழவழத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பாவாயி விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்து அதைத் தள்ளிவிட்டாள்; தரையில் விழுந்து, ஊசிப்போன கஞ்சித்தண்ணி நாற்றம் ஒன்றைக் கிளப்பிவிட்டு, அது பாட்டுக்கு நகர ஆரம்பித்தது.

"என்ன கருமம் கண்ணு இது?"

"தெரியலைங்க அத்தை. அன்னைக்கு நான் போன் பண்ணாம இருந்திருந்தா எப்படின்னு நெனச்சேன். நெனச்சுட்டே இருந்தேன். அப்பறம் இது எறங்குச்சு."

பூபதி, அத்தியப்பனின் கோழிப்பண்ணையில் முட்டை லாரி ஓட்டியவன். கேரளாவுக்குப் போகிற வழியில் ஓர் இறக்கத்தில் முன் டயர் வெடித்து, லாரி கவிழ்ந்து, ஏற்றியிருந்த முட்டை அத்தனையும் உடைந்து, அந்த மஞ்சள் குளத்துக்குள்ளிருந்துதான் அவனை எடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் தலைமுடியில் கரு காய்ந்து ஒட்டியிருந்தது. கவிழ்வதற்குச் சற்று முன்னால் கோகிலா அவனைக் கூப்பிட்டு, வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அவன் சரி என்றான், வைத்துவிட்டான், அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவள் தலைக்குள் அந்தப் பேச்சு முடியவே இல்லை. கூப்பிடாமல் இருந்திருந்தால், சிப்ஸ் கேட்காமல் இருந்திருந்தால், அவனுக்கு வாக்கப்படாமலே இருந்திருந்தால் என்று அது செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் மெத்தென்று ஆகி, காது வழியே இறங்கியது.

அதே மகனைத்தான் பாவாயியும் பறிகொடுத்தாள். ஆனால் பாவாயியின் தலை வேறு திசையில் ஓடுகிற தலை. காலையில் பல் துலக்கும்போதே வழுக்கை டயரைப் போட்டு வண்டியை அனுப்பிய அத்தியப்பனின் வம்சத்தைத் திட்டத் தொடங்கி, ரோடு போட்டவனைத் திட்டி, மலையைத் திட்டி, முட்டை தின்கிற ஜனங்களை எல்லாம் திட்டி முடித்துவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பாள். பெற்றவள் துக்கம் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஒரே இடி இரண்டு பேர் தலையிலும் விழுந்தது, ஒரு தலையில் நத்தை பிடித்தது, ஒரு தலையில் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் சில நாள் பாவாயி உப்பைப் போட்டுப் பார்த்தாள். உப்புப் பட்டதும் நத்தை நுரைத்துக் கரைந்து பச்சையாக ஒழுகியது, அந்தக் கண்றாவியைப் பார்ப்பதற்கு உயிரோடு விடுவதே மேல் என்று முறத்தில் அள்ளிப் புழக்கடையில் கொட்டினாள். வீட்டுக் கோழிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்து தின்றன. அந்த வாரமே அவை இட்ட முட்டையில் இரட்டைக் கரு இருந்தது, அதுவும் சாதாரணக் கரு இல்லை, செம்பருத்திச் சிவப்பில், கரண்டியால் தட்டினாலும் உடையாத கரு. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த முட்டை ஊருக்குள் பேச்சாகி, பேச்சு அத்தியப்பனின் காதுக்குப் போய், அவன் மனைவி பாக்கியம் மஞ்சள் நிற வேனில் வந்து இறங்கினாள்.

துக்கம் விசாரிக்கத்தான் வந்தாள். அதற்கு அந்த ஊரில் ஒரு முறை உண்டு. வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழ ஆரம்பிக்க வேண்டும், வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழ வேண்டும், அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எப்படி ஆச்சு, மொதல்ல இருந்து சொல்லு என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரி முதலிலிருந்து சொல்ல வேண்டும். கேட்டவர்கள் நடுவில் நிறுத்தி, அன்னைக்கு இப்படிப் பண்ணாம இருந்திருந்தா என்று ஒரு வார்த்தை போட வேண்டும். இறந்தவன் அன்றைக்குக்கூடத் தன்னிடம் பேசினான் என்று ஒரு சாட்சி சொல்ல வேண்டும். பிறகு போகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். யார் ஏற்படுத்திய முறையோ, ஒரு புண்ணை ஆறவிடாமல் நோண்டுவதற்கு இதைவிட நல்ல வழியை எவனும் கண்டுபிடித்திருக்க முடியாது.

"எப்படி கண்ணு ஆச்சு? மொதல்ல இருந்து சொல்லு," என்றாள் பாக்கியம். கோகிலா சொன்னாள். சிப்ஸ் வரைக்கும் வந்ததும் பாக்கியம் மெதுவாக அவள் கையைப் பிடித்து, "அந்த நேரத்துல நீ மட்டும் கூப்பிடாம இருந்திருந்தா சாமி, கவனம் ரோட்டுலயே இருந்திருக்கும்," என்றாள். நத்தைகள் பொலபொலவென்று இறங்கின. பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, கூடை மறைவிலிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்து நத்தைகளை வழித்துப் போட்டாள், அவை போசியின் விளிம்பில் ஏறி வந்தபோது மூடியை அழுத்தி மூடினாள், பிறகு முறைப்படி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு யாரும் ஆச்சரியப்படவில்லை. மழை பெய்தால் பாத்திரம் வைப்பது மாதிரி ஊர் பாத்திரம் வைத்தது. கோழி வைத்திருப்பவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்க வந்தார்கள், ஏற்கெனவே விசாரித்தவர்கள் சரியாக விசாரிக்கவில்லை என்று மறுபடியும் வந்தார்கள், எழவுக்கே வராமல் கல்யாணத்துக்குப் போனவர்கள் இப்போது நெஞ்சிலடித்துக்கொண்டு வந்தார்கள். கோகிலாவின் தலையணை உறை சளி காய்ந்து பிளாஸ்டிக் தாள் போல மொடமொடத்தது, சீப்பின் பல்லுக்குள் பசை இறுகிவிட்டது, அவள் உட்காருகிற சுவரில் பளபளப்பாகக் கோடுகள் விழுந்து எந்தச் சுண்ணாம்புக்கும் மறையவில்லை. வந்தவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள், மூக்கைப் பொத்தினார்கள், போசியை மட்டும் நீட்டினார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் துக்க வீட்டுக்குப் போகக்கூடாது என்பதும் அந்த ஊரின் முறைதான். அந்த இரண்டு நாள் யாரும் வராததால் கோகிலா தலைக்குக் குளித்தாள், ஒரு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள், ஒரு வெள்ளிக்கிழமை டிவியில் யாரோ சறுக்கி விழுந்ததைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். அந்த நாட்களில் நத்தையும் ஒன்றோ இரண்டோதான். இதைப் பாவாயியும் கவனித்தாள், ஊரும் கவனித்தது. பாவாயி அதை மனதோடு வைத்துக்கொண்டாள். ஊர் கோயிலில் கூடி, இது இனிமேல் துக்கம் விசாரிப்பதில்லை, தீவனம் எடுப்பது, தீவனத்துக்கு நாள் கிழமை கிடையாது என்று பூசாரி வாயாலேயே சொல்ல வைத்து, அந்த இரண்டு நாளையும் எடுத்துக்கொண்டது.

ஒருத்தியை மட்டும் நம்பியிருப்பது சரியில்லை என்று அத்தியப்பனுக்குத் தோன்றியதும், கஷ்டப்பட்ட மற்றவர்களையும் உட்கார வைத்து விசாரித்துப் பார்த்தார்கள். சீக்கு வந்து கொட்டகைக் கோழி மொத்தமும் செத்துப் போண்டியான மருதாசலத்தைக் கேட்டால், அவன் மருந்துக்காரனைத் திட்டினான், மச்சினனைத் திட்டினான், கடைசியில் கேட்டவர்களையே திட்டினான், அவன் காதிலிருந்து ஒரு பொட்டு ஈரம்கூட வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பெயிலான பெண் ஒருத்திக்கு, நான் எதுக்கும் லாயக்கில்லை என்று சொன்ன வாக்கில், நூல் மாதிரி மெல்லிசாக ஒன்று எட்டிப்பார்த்தது. அவள் அம்மா அதைக் கிள்ளி எறிந்துவிட்டு, பரீட்சைதானே போச்சு, நீயா போயிட்ட என்று பரோட்டா வாங்கித் தரக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், அதோடு நின்றது. ஆக, இடி விழாத வீடு கிடையாது, இடி மட்டும் போதாது என்று ஊருக்குப் புரிந்தது. விழுகிற இடியை எல்லாம் தன் பேருக்கே எழுதிக்கொள்கிற ஒரு தலை வேண்டும், அந்தத் தலைக்குப் பக்கத்தில் யாரும் இருந்து இல்லை என்று சொல்லவும் கூடாது.

இது புரிந்தபின் ஊர் கெட்டிக்காரத்தனம் பழகிவிட்டது. நாள் போகப் போக கோகிலாவுக்குப் பெரிய துக்கமே தேவைப்படவில்லை, பால் பொங்கி வழிந்தாலே ஒன்று இறங்கியது, கரண்ட் போனால் ஒன்று இறங்கியது. எனவே ஊர்க்காரர்கள் நாலா பக்கத்திலிருந்தும் சின்னச் சின்னக் கெட்ட செய்திகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். யார் வீட்டு மாடு செத்தது, யார் மகளுக்குச் சம்பந்தம் தட்டிப்போனது, எந்தக் கிணறு வற்றியது என்று அவள் எதிரில் உட்கார்ந்து சொல்லி, "நீ அந்தப் பக்கமா போனியே கண்ணு அன்னைக்கு," என்று கொக்கியையும் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவள் கிணறு வற்றியதற்கும் தன்னையே நொந்துகொண்டாள், அதுவும் இறங்கியது.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ரெஜினா ஒருமுறை வந்து கோகிலாவின் காதில் டார்ச் அடித்துப் பார்த்தாள், அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தாள், எத்தனை நேரம் தூங்குகிறாள் என்று கேட்டாள். பிறகு பாவாயியைத் தனியாக அழைத்து, "இது காது வியாதி இல்லைங்கம்மா. மனசு வியாதி. டவுன்ல டாக்டர்கிட்டக் காட்டுங்க, மாத்திரை இருக்கு, பேசிச் சரிபண்றதுக்கும் ஆள் இருக்காங்க. அதுவரைக்கும் இந்தக் கூட்டத்த உள்ள விடாதீங்க," என்றாள். அன்று சாயங்காலமே அத்தியப்பன் வந்துவிட்டான். மாத்திரை போட்டால் அது நத்தையில் இறங்கி, நத்தையிலிருந்து கோழிக்கு இறங்கி, முட்டை கசக்கும் என்றான். வருசம் திரும்பட்டும் அக்கா, அப்புறம் நானே என் வண்டியில் கூட்டிப்போறேன் என்றான். ஊரில் எந்த விசேஷம் என்றாலும் இப்போது பாவாயிக்குத்தான் முதல் நாற்காலி போட்டார்கள், மகனைப் பறிகொடுத்தவளுக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது. சரி என்று சொன்னாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது, இருந்தும் சொன்னாள்.

கோகிலா அப்படியே வற்றிக்கொண்டு வந்தாள். நத்தை பெருக்கப் பெருக்க அவள் உடம்பு சிறுத்தது, வளையல் முழங்கை வரை ஏறியது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரு மத்தியானம், பாவாயி சோறு பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது, அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நல்லதுங்க அத்தை," என்றாள். அன்றைக்கு இறங்கிய நத்தை காதுக்குள் சிக்கிக்கொண்டது. எலிக்குட்டி அளவு இருந்தது. பாதி வெளியே, பாதி உள்ளே, வெயில் தாழ்கிற வரை துடித்துக்கொண்டு கிடந்தது, கோகிலாவின் கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. சேதி கேட்டு ஓடிவந்த அத்தியப்பன் குனிந்து பார்த்து, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, "இந்த ரகம் மட்டும் தெனம் கெடைச்சா!" என்றான்.

பாவாயி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கீழுதட்டில் எச்சில் ஊறியிருந்தது. நத்தையைப் பார்த்தபோதெல்லாம் வராத அருவருப்பு அப்போதுதான் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது, கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தாள், எடுத்ததில் காலையில் தின்ற இரட்டைக் கரு அப்படியே கரையாமல் கிடந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் கோகிலாவை டவுனுக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், தனியா விடாதீங்க, மறுபடி கூட்டிட்டு வாங்க என்றார். ராவும் பகலும் பாவாயி அவளோடே படுத்து அவளோடே எழுந்தாள், கதவைச் சாத்தி வைத்தாள். ஊரும் அவசரப்படவில்லை, எப்படியும் பூபதிக்கு வருசத் திதி வரும், வருசத்துக்குக் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

வருசத்தன்று வாசலில் செருப்பு குவிந்தது. பூபதியின் படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைத்திருந்தார்கள், வந்தவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள், ஒவ்வொருவர் மடி மறைவிலும் ஒரு போசி, அத்தியப்பன் பால் கேனே கொண்டுவந்திருந்தான். கோகிலாவின் கழுத்து காலையிலிருந்தே ஈரமாக இருந்தது. பாக்கியம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் பக்கமாக நகர்ந்து, "எப்படி கண்ணு ஆச்சு? மொதல்ல இருந்து சொல்லு," என்று ஆரம்பித்தாள்.

பாவாயி இருவருக்கும் நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "வருசம் பூரா அவளே சொல்லிட்டா. இன்னைக்கு நான் விசாரிக்கறேன்," என்றாள். "பாக்கியம், அன்னைக்குக் கூட எங்கிட்டப் பேசினான்னு நீதான சொன்ன. எதுக்குப் போன் பண்ணிப் பேசின?"

பாக்கியம் திகைத்தாள். "மல்லிகப்பூ வாங்கியாரச் சொன்னங்க்கா. அதுக்கென்ன?"

"மருதாசலம், நீ?"

"கிரிக்கெட் என்னாச்சுன்னு கேட்டேன். சும்மாதான்."

"அத்தியப்பா?"

"வண்டி ஓனரு பேசாம வேற யாரு பேசுவா? முட்டை நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டாமா? வெரசாப் போடான்னு நாலு தடவை சொன்னேன். தொழில்னா அப்படித்தான்."

அப்படியே வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனாள், துக்கம் விசாரிக்க வந்தபோது ஒவ்வொருவரும் பெருமையாகச் சொன்ன சாட்சியைத்தான் திருப்பிக் கேட்டாள். அன்று அவனைக் கூப்பிடாத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர்தான். கேட்டுவிட்டு, எழுந்து, ஒவ்வொருவர் தலையையும் பிடித்துச் சாய்த்துக் காதுக்குள் எட்டிப்பார்த்தாள். குறும்பி இருந்தது, கடுக்கன் அழுக்கு இருந்தது, நரைமுடி இருந்தது. நத்தை இல்லை. ஒருவர் காதிலும் இல்லை. எல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தன, அந்தச் சுத்தத்தைப் பார்த்துப் பாவாயிக்கு உடம்பு கூசியது.

"த்தூ," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. "நானுந்தான். வயலைப் பாருடான்னு சொல்லாம லாரிக்குப் போடான்னு அனுப்புனவ நான். இவ தலை இந்தக் கதி ஆகறதப் பாத்துட்டு நாற்காலில உக்காந்துட்டு இருந்தவளும் நாந்தான். நான் மட்டும்..." என்று சொல்லும்போதே அவள் வலது காதுக்குள் சில்லென்று ஏதோ அசைந்தது, கழுத்தில் இறங்கியது. கூட்டத்தில் எங்கெங்கோ போசி மூடிகள் திறக்கிற சத்தம் கேட்டது, அத்தியப்பன் பால் கேனை முழங்காலால் நகர்த்திக்கொண்டு, "சொல்லுங்க்கா, மனசுல இருக்கறத எல்லாம் சொல்லுங்க," என்று குழைந்தான்.

அப்போது கோகிலா கையை நீட்டினாள். மாமியாரின் கழுத்திலிருந்து அந்த நத்தையை இரண்டு விரலால் எடுத்தாள், படையல் இலையில் இருந்த உப்பின் மேல் வைத்தாள், அது நுரைத்து அடங்குகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாரி ஓட்டோணும்னு அவருதானுங்க ஆசப்பட்டாரு," என்றாள். "பள்ளிக்கூடத்துல இருந்தே ஆசைன்னு எங்கிட்டச் சொல்லியிருக்காரு. நீங்க வேண்டாம்னாலும் போயிருப்பாரு. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

சொல்லிவிட்டு, யாரோ வேறொருத்தி பேசியதைக் கேட்டவள் மாதிரி, அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். பாவாயி அவள் மடியில் தலையை வைத்து, அந்த ஒரு வருசத்தில் முதல்முறையாக, யாரையும் திட்டாமல் அழுதாள். கூட்டம் போசிகளை மூடிக்கொண்டு, முறைப்படி ஒன்றும் சொல்லாமல், ஒவ்வொருவராக எழுந்து போனது.

நத்தை ஒரேயடியாக நின்றுவிடவில்லை. மாத்திரையோடும், வாராவாரம் டவுனுக்குப் போய்ப் பேசிவருகிற பேச்சோடும், இறங்குவது குறைந்து, சில நாள் இல்லாமலும் இருந்தது. இறங்குகிற நாளில் ஒருத்தி நான்தான் காரணம் என்று சொல்ல மற்றவள் இல்லை என்று சொல்லி உப்பை எடுத்து வருவாள். நத்தை தின்று பழகிய அத்தியப்பனின் கோழிகள் வேறு தீவனத்தைத் தொடாமல் கூண்டில் சாய்ந்தன. ஊர் அவர்கள் இரண்டு பேரையும் நன்றி கெட்டவர்கள் என்று பேசியது.

மாசி கடைசியில், பக்கத்து ஊர் தாளிக்காட்டில் ஓர் இளம்பெண் துணி துவைக்கிற நேரத்தில் அவள் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனது. அந்தப் பெண் அழவே இல்லையாம், வெறித்துப் பார்த்துக்கொண்டு, நான் துணி துவைக்காம இருந்திருந்தா, துவைக்காம இருந்திருந்தா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். இந்தச் சேதி வந்த சற்று நேரத்துக்கெல்லாம் தெருக்கோடியில் அத்தியப்பனின் வீட்டு வாசலில் மஞ்சள் வேன் வந்து நின்றது. பாக்கியம் துக்கத்துக்கென்று வைத்திருந்த வெளிர் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள், பின்னாலேயே பால் கேன்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள், மூடி சரியாக இறுகுகிறதா என்று அத்தியப்பன் திருகிப் பார்த்தான்.

பாவாயி ஜன்னல் வழியாக அதைப் பார்த்து, காறித் துப்ப வாயைக் கூட்டினாள். அதற்குள் கோகிலா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"துப்பறதுக்கு நேரமில்லீங்க அத்தை," என்றாள். "குறுக்கு வழியில நடந்தா நாம முன்னாடி போயிறலாம்."